நிறம் எழுத்தின் சொத்தா?

எடிட்டர்களின் கதை – 11

1984-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை முழுவதுமாகக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியது. அமெரிக்காவில் 120-க்கும் மேற்பட்ட தட்டச்சாளர்கள் 35 கோடி எழுத்துகளை அடித்துச் சேர்த்தார்கள். அச்சு அகராதியைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: தலைச்சொல் தடித்திருக்கும், மேற்கோள் பொடி எழுத்தில் இருக்கும், நூல் பெயர் சாய்ந்திருக்கும். அந்த வேறுபாடுகள்தான் கண்ணுக்கு வழிகாட்டி. கணினிக்குள் வந்ததும் அவை எல்லாம் வாசகத்துக்கு நடுவே செருகிய குறிகளாக மாறிவிட்டன. ஒரு சொல்லின் பதிவைத் திருத்த உட்காரும் ஆசிரியர், சொல்லைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறிகளை எல்லாம் தாண்டி வர வேண்டியிருந்தது.

இந்தப் பணிக்கு ஐபிஎம் நிறுவனம் இயந்திரமும் ஆட்களும் கொடுத்து உதவியது. ரெக்ஸ் என்ற நிரல்மொழியை உருவாக்கிய மைக் கௌலிஷா, 1985-இல் இதற்காகவே லெக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். ஆசிரியர் தட்டத் தட்ட அது வாசகத்தைப் பகுத்துப் பார்த்து, ஒவ்வொரு கூறையும் தனி நிறத்தில், தனி எழுத்துருவில் காட்டியது. எப்படிப் பகுக்க வேண்டும் என்ற விதியையும் அதனிடம் வெளியிலிருந்து கொடுக்கலாம். அகராதிக்கு ஒன்று, நிரலுக்கு இன்னொன்று. திரையில் வண்ணம் பிரித்துக் காட்டிய முதல் எடிட்டர்களில் லெக்ஸும் ஒன்று. நிரலர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட வசதி என்று இன்று எல்லோரும் நினைக்கும் ஒன்றின் தொடக்கத்தில் அகராதித் தொகுப்பாளர்களின் தேவையும் இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

லெக்ஸ் காட்டிய நிறம் கோப்பில் இல்லை. கோப்பில் இருந்தவை எழுத்தும் குறியும் மட்டுமே. நிறம் அந்தந்த நேரத்தில் கணக்கிட்டு எடுத்தது. இப்படிச் சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘திரையில் தெரியும் நிறம் எங்கே இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்வி, ஈமாக்ஸ் உலகத்தை இரண்டாகப் பிளந்த பிரச்சினைகளில் ஒன்றாக மாறியது. இந்தப் பகுதி அதைப் பற்றியதுதான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸின் பிறப்பை முன்பே பார்த்துவிட்டோம். அதன் 18-ஆம் பதிப்பு வரை நிறத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த ஈமாக்ஸில் ஒரு பஃபர் என்றால் எழுத்துகளின் நீண்ட வரிசை, அவ்வளவுதான். மற்ற எதையும் லிஸ்ப்பில் எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஓர் எழுத்தைச் சிவப்பாக்க மட்டும் வழியில்லை. எக்ஸ் விண்டோ வந்து, பல எழுத்துருக்களும் வண்ணங்களும் காட்டக்கூடிய திரைகள் மேசைக்கு மேசை வந்த பிறகும் இதே நிலைதான். இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான எபாக் என்ற கிளை எடிட்டர், வாசகத்தின் ஒரு பகுதியை ‘ஜோன்’ என்று வளைத்து அதற்கு ஒரு தோற்றம் கொடுக்கும் வழியை முதலில் காட்டியது.

அடுத்த அடியை எடுத்து வைத்தது கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கேப்ரியல் நிறுவிய லூசிட் நிறுவனம். லிஸ்ப் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. லிஸ்ப் சந்தை சுருங்கியதும் சி++ நிரலர்களுக்காக எனர்ஜைஸ் என்ற சூழலைக் கட்ட இறங்கியது. அதன் முகப்பாக ஈமாக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பைலர் கண்டுபிடித்த பிழை, ஒரு ஃபங்ஷனை அழைக்கும் இடங்கள், மௌஸால் தொட்டால் வேறு இடத்துக்குத் தாவும் சொற்கள் என எல்லாவற்றையும் எடிட்டரில் உள்ள நிரலின் மேலேயே காட்ட வேண்டும். அதற்கு, வாசகத்தின் ஒரு துண்டோடு தகவலை ஒட்டிவைக்க ஒரு வழி தேவை. க்னூ ஈமாக்ஸ் 19 வரும், அதில் இது இருக்கும் என்று காத்திருந்தார்கள். அது வரவில்லை. 1992-இல் ஜேமி ஜவின்ஸ்கியும் உடன் பணிபுரிந்தவர்களும் தங்கள் சொந்தப் பதிப்பையே வெளியிட்டார்கள். அதுதான் லூசிட் ஈமாக்ஸ். பின்னாளில் எக்ஸ்-ஈமாக்ஸ் என்று பெயர் மாறியது.

லூசிட் கண்ட தீர்வு ‘எக்ஸ்டென்ட்’. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் கொண்ட தனிப் பொருள் அது. ஒரு சொல்லின் மேல் எக்ஸ்டென்ட் வைத்தால், அதைக் கையில் பிடிக்கலாம், நகர்த்தலாம், நீட்டலாம், அதனிடம் நிறத்தையும் வேறு தகவலையும் கொடுத்துவைக்கலாம். ஒரே கருவி, எல்லா வேலைக்கும்.

ஸ்டால்மன் பக்கம் இதை ஏற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஈமாக்ஸ் லிஸ்ப் கையேட்டில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பத்து எழுத்து கொண்ட ஒரு சொல்லை நீல நிறத்தில் காட்டும் ஒரே ஓர் எல்லைப் பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து நான்கு எழுத்துகளை வெட்டி, உடனே அதே இடத்தில் ஒட்டுகிறீர்கள். திரையில் எந்த மாற்றமும் இல்லை. அதே சொல், அதே நீலம். உள்ளே? ஒட்டிய நான்கு எழுத்துகள் தங்களுக்கென்று ஒரு நகல் பொருளைக் கொண்டு வந்தனவா? அப்படியானால் இப்போது பொருள் ஒன்றா, இரண்டா? ஒன்றாக இணைத்துவிடலாம் என்றால், முதலிலேயே இரண்டு தனிப் பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இடத்தில் என்ன செய்வது? பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பஃபர்கள் நிரலின் கண்ணுக்கு வேறு வேறாக இருக்கும். எந்த விதியைப் போட்டாலும் ஏதோ ஓர் இடத்தில் முரண்படும்.

க்னூ தரப்பின் பதில்: எல்லை என்ற ஒன்றே வேண்டாம். ஒவ்வோர் எழுத்தும் தன் நிறத்தைத் தானே சுமக்கட்டும். இதுதான் டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி. எழுத்தை வெட்டினால் நிறமும் கூடவே வரும்; ஒட்டினால் கூடவே போகும். இடத்தை மிச்சப்படுத்த உள்ளே ஒரு சமநிலை மரத்தில் இவற்றைத் துண்டு துண்டாகச் சேமிக்கிறார்கள் என்றாலும், அந்தத் துண்டுகளை லிஸ்ப் நிரல் பார்க்க முடியாது. நிரலைப் பொறுத்தவரை எழுத்து இருக்கிறது, அதன் பண்பு இருக்கிறது, வேறெதுவும் இல்லை.

எல்லை உள்ள பொருள் தேவைப்படும் வேலைகளும் உண்டு என்பதை மறுக்க முடியாது. அதற்காக 1993 மே மாதம் வெளிவந்த க்னூ ஈமாக்ஸ் 19 ‘ஓவர்லே’ என்ற இரண்டாவது ஏற்பாட்டையும் கொண்டு வந்தது. வரைபடத்தின் மேல் வைத்த கண்ணாடித்தாள் போல அது வாசகத்தின் மேல் கிடக்கும்; வாசகத்தின் பகுதி ஆகாது. எழுத்தை நகலெடுத்தால் ஓவர்லே கூட வராது. தேடும்போது கண்டுபிடித்த சொல் மினுங்குவது, கர்சர் நிற்கும் வரி வெளிறிய நிறத்தில் தெரிவது, அடைப்புக்குறியின் ஜோடி பளிச்சிடுவது என்று வந்து போகும் அடையாளங்களுக்கெல்லாம் இதுவே பொருத்தம். லூசிட் ஒன்றாக வைத்ததை க்னூ இரண்டாகப் பிரித்தது. நான் க்னூவின் பக்கம்தான். எழுத்தோடு சேர்ந்து பயணிக்க வேண்டிய நிறமும், வந்த வேலை முடிந்ததும் மறைய வேண்டிய நிறமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அதைக் கொண்டு நிரல் எழுதுபவர்தான் ஒவ்வொரு முறையும் பிரித்துக் கையாள வேண்டியிருக்கும்.

சேமிக்கும் இடம் தயார். எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது யார்? க்னூ ஈமாக்ஸ் 19-இல் இதற்கு இரண்டு நிரல்கள் போட்டியிட்டன. ஹிலிட்19 என்பது ரெகெக்ஸ் வடிவங்களைத் தேடி, கிடைத்த இடத்தில் எல்லாம் ஓவர்லே போட்டது. நீங்கள் தட்டிக்கொண்டே போனால் புதிய வரிகளில் நிறம் தானாக வராது. மறுபடி பூசச் சொல்ல வேண்டும். ஜவின்ஸ்கி லூசிட் ஈமாக்ஸுக்காக எழுதிய ஃபான்ட்-லாக் வேறு வழியில் போனது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த வரியை மறுபடி பார்த்து, நிறத்தைப் புதுப்பித்தது. பிளவின் அந்தப் பக்கம் பிறந்த நிரலைப் பிளவின் இந்தப் பக்கம் தயங்காமல் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் க்னூ ஈமாக்ஸின் ஃபான்ட்-லாக் கோப்பைத் திறந்தால் ஆசிரியர் வரிசையில் ஜவின்ஸ்கி, ஸ்டால்மன் இருவர் பெயரும் இருக்கும். கசப்பான பிரிவுக்குப் பிறகும் நல்ல நிரல் வேலியைத் தாண்டி வந்தது. கட்டற்ற மென்பொருளில் எனக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு இது ஒரு காரணம்.

ஃபான்ட்-லாக்கின் வேலை இரண்டு கட்டம். முதலில் எவை கமெண்ட், எவை ஸ்ட்ரிங் என்று பிரிக்கும். இது வெறும் வடிவத் தேடலால் முடியாது. சி மொழியில் ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் அடித்தீர்கள் என்றால், அவற்றை மூடும் குறி வரும் வரை கீழே உள்ள நூறு வரிகளும் கமெண்ட். திரை முழுவதும் ஒரு கணத்தில் நிறம் மாறுவதை நிரலர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதாவது, ஒரு வரியின் நிறம் தெரிய வேண்டுமென்றால் அதற்கு மேலே என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்; கண்டிப்பாகச் சொன்னால் கோப்பின் தொடக்கம் வரை போய் வர வேண்டும். அன்றைய இயந்திரங்களில் அது கட்டுப்படியாகாது. ஆகவே ஈமாக்ஸ் ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டது: வரியின் முதல் இடத்திலேயே அடைப்புக்குறி திறந்தால், அங்கே ஒரு புதிய ஃபங்ஷன் தொடங்குகிறது, அங்கிருந்து கணக்கிட்டால் போதும். இந்த ஊகம் பொய்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஸ்ட்ரிங்குக்குள் வரித் தொடக்கத்தில் அடைப்புக்குறி வந்தால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள் என்று கையேடு நிரலர்களைக் கேட்டுக்கொண்டது. பழைய லிஸ்ப் கோப்புகளின் விளக்கக் குறிப்புகளில் அந்தத் தேவையற்ற பின்சாய்கோடுகள் இன்னும் கிடக்கின்றன.

இரண்டாவது கட்டத்தில், மீதமுள்ள வாசகத்தில் திறவுச்சொற்கள், ஃபங்ஷன் பெயர்கள், டைப் பெயர்கள் ஆகியவற்றை ரெகெக்ஸ் பட்டியலை வைத்துத் தேடி நிறமிடும். அந்தப் பட்டியலில் பயனரும் ஒரு வரி சேர்க்கலாம். தன் குழு கமெண்டில் எழுதும் எச்சரிக்கைச் சொல் ஒன்று சிவப்பாகத் தெரிய வேண்டுமா, இரண்டு வரி லிஸ்ப் போதும். நிரல் எழுதி மாற்றக்கூடிய எடிட்டர் என்ற பேச்சு பயனரின் கைக்கு எட்டிய இடம் இதுதான்.

வேகம்தான் இடித்தது. பெரிய கோப்பைத் திறந்தால் திரையின் அடிவரியில் ‘நிறமிடுகிறேன்’ என்ற செய்தி வந்து, அதன் பக்கத்தில் புள்ளிகள் ஒன்றொன்றாக நீளும். அவை நின்ற பிறகுதான் தட்ட முடியும். 2,56,000 எழுத்துக்கு மேற்பட்ட கோப்பென்றால் நிறமே வேண்டாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. சைமன் மார்ஷல் இதற்கு இரண்டு மருந்து கொண்டு வந்தார். ஒன்று, கணக்கிட்ட நிறங்களைத் தனிக் கோப்பில் சேமித்துவைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஃபாஸ்ட்-லாக். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் நிறமிடும் லேசி-லாக்.

இரண்டாவது யோசனைதான் வென்றது, ஆனால் வேறு உருவத்தில். 2001-இல் வந்த ஈமாக்ஸ் 21-க்காகத் திரையில் வரையும் இயந்திரத்தையே கெர்ட் மோல்மன் புதிதாக எழுதினார். அதோடு ஜிட்-லாக் வந்தது. ஒவ்வோர் எழுத்திலும் ‘நிறமிட்டாயிற்று’ என்று சொல்லும் ஒரு பண்பு இருக்கும். திரையை வரைந்துகொண்டு வரும் இயந்திரம் அந்தப் பண்பு இல்லாத இடத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து (அன்றைய கணக்கில்) 500 எழுத்து அளவுக்கு நிறமிடச் சொல்லும். முடிந்ததும் அடையாளம் வைத்துவிட்டு மேலே வரையும். கோப்பின் நடுவுக்குத் தாவினால் நடுவில் உள்ள திரை மட்டும் நிறம் பெறும். பயனர் சும்மா இருக்கும் நேரத்தில் மீதியைப் பின்னணியில் முடிக்கும் வசதியும் இருந்தது. அந்தப் புள்ளிகளின் ஊர்வலம் அத்தோடு ஓய்ந்தது. எழுத்திலேயே பண்பை வைக்கலாம் என்ற 1993-இன் முடிவு இல்லையென்றால் ‘இது முடிந்துவிட்டது’ என்ற அடையாளத்தை வைக்க இடமே இருந்திருக்காது. இவ்வளவு தூரம் வந்த பிறகும், ஈமாக்ஸ் திறந்தவுடன் நிறம் தானாக வர ஆரம்பித்தது 2007-இல் வெளியான 22-ஆம் பதிப்பில்தான்.

எழுத்துக்கே நிறத்தைச் சொந்தமாக்கியதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பண்பை மாற்றுவது என்றால் வாசகத்தை மாற்றுவது என்றுதான் ஈமாக்ஸ் எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால், ஒரு கோப்பைத் திறந்து ஒரு விசையும் தொடாமல் உருட்டிப் பார்த்தாலே ‘திருத்தப்பட்டது, சேமிக்கவில்லை’ என்ற அடையாளம் தோன்றும். அன்டூ பட்டியலில் நிறமாற்றங்கள் நிறையும். எனவே நிறமிடும்போது மட்டும் இந்தக் கணக்குகளை நிறுத்திவைத்து, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பும் உறை ஒன்றுக்குள் ஃபான்ட்-லாக் ஓடுகிறது.

லிஸ்ப் எழுதத் தொடங்கும் பலர் மோதிக்கொள்ளும் இன்னொரு சுவர் உண்டு. ஒரு சொல்லுக்கு மஞ்சள் நிறப் பண்பைக் கையால் கொடுப்பார்கள். மஞ்சள் வரும். அதே வரியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் மஞ்சள் போய்விடும். பண்பு எழுத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பண்பு முழுவதும் தன் ஆட்சி என்று ஃபான்ட்-லாக் எண்ணுகிறது, வரியைப் புதுப்பிக்கும்போது பழையதைத் துடைத்துவிட்டுத் தன் விதிப்படி எழுதுகிறது. நிறம் நிலைக்க வேண்டுமானால் அதைப் பட்டியலில் ஒரு விதியாகச் சேர்க்க வேண்டும், அல்லது ஃபான்ட்-லாக் தொடாத வேறு பெயரில் உள்ள பண்பில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஓவர்லே போட வேண்டும். ஈமாக்ஸ் 21-ஓடு வந்த ஹை-லாக் இதைப் பயனருக்குத் தெரியாமலே கையாள்கிறது. நீங்கள் ஒரு வடிவத்தைக் கொடுத்து ‘இதை மஞ்சளாக்கு’ என்றால், பஃபரில் ஃபான்ட்-லாக் ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் அதன் பட்டியலில் விதியாகச் சேரும். ஓடவில்லை என்றால் ஓவர்லே போடும். அந்த வடிவங்களைக் கோப்பிலேயே ஒரு கமெண்டாக எழுதிவைக்கவும் முடியும்.

நிறத்தையே கோப்பில் சேமிக்கும் முயற்சியும் உண்டு. என்ரிச்ட் மோட் தடிப்பு, சாய்வு, வண்ணம் எல்லாவற்றையும் குறிகளாகக் கோப்பில் எழுதிவைத்து, திறக்கும்போது பண்புகளாக மாற்றும். ஆனால் ஈமாக்ஸில் தோற்றப் பண்பு என்பது வெறும் வண்ணத்தின் பெயர் அல்ல. காட்டும் நேரத்தில் ஓட வேண்டிய லிஸ்ப்பையும் அது தாங்கும். அப்படியானால் வேறொருவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாலே அவர் எழுதிய நிரல் உங்கள் கணினியில் ஓடிவிடும். இது வெளிச்சத்துக்கு வந்தபோது, 2017 செப்டம்பரில் 25.3 என்ற பதிப்பை அவசரமாக வெளியிட்டு அந்தக் கதவை அடைத்தார்கள். நிறம்தானே என்று யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணாடித்தாளுக்கும் சோதனை வந்தது. 1993-இல் ஒரு பஃபரில் சில ஓவர்லேக்கள் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இரண்டு பட்டியல்களில் கோத்து வைத்தார்கள். பிழைகளுக்கு அடிக்கோடு இடும் கருவிகளும், மடக்கி விரிக்கும் கருவிகளும், ஆயிரக்கணக்கான தேடல் முடிவுகளைக் காட்டும் கருவிகளும் வந்ததும் பட்டியல்கள் நீண்டன, கர்சர் தள்ளாடியது. ஆண்ட்ரியாஸ் பொலிட்ஸ் 2017-இல் பட்டியலுக்குப் பதிலாக ஒரு சமநிலை மரத்தை எழுதினார். அந்தக் கிளை பல ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2022-இல் இணைக்கப்பட்டு, 2023 ஜூலையில் ஈமாக்ஸ் 29-ஆக மக்கள் கைக்கு வந்தது.

அதே 29-ஆம் பதிப்பு இன்னொரு பெரிய மாற்றத்தையும் கொண்டு வந்தது. ரெகெக்ஸ் பட்டியல்களால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயாகிவிட்டது. ஒரு பெயர் டைப்பா, மாறியா, ஃபங்ஷனா என்பதை அதன் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கலாம், அறிய முடியாது. கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர், நிரலை முழு இலக்கண மரமாகப் பகுக்கிறது. ஓர் எழுத்து மாறினால் மரத்தில் பாதிக்கப்பட்ட கிளையை மட்டும் திருத்துகிறது. நிரல் பாதி எழுதிய நிலையில், இலக்கணம் உடைந்து கிடக்கும்போதும் மற்ற பகுதிகளுக்கு மரத்தைக் கட்டிக் கொடுக்கிறது. இப்படிப் படிப்படியாகத் திருத்திப் பகுக்கும் முறையின் வேர் 1990-களில் பெர்க்லியில் டிம் வாக்னர் செய்த ஆய்வில் இருக்கிறது. ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்காகப் பிறந்த பகுப்பான் மற்ற எடிட்டர்களில் வாழ்கிறது. ஈமாக்ஸுக்குள் அதை இணைத்ததில் பெரும் பங்கு யுவான் ஃபூவுக்கு உரியது. எவ்வளவு வண்ணம் வேண்டும் என்பதற்கு அதில் நான்கு படிகள் இருக்கின்றன. முன்னிருப்பு மூன்றாவது படி. நான்காவதில் அடைப்புக்குறியும் காற்புள்ளியும்கூட நிறம் பெறும். எனக்கு இரண்டாவது படியே போதும்: கமெண்டும் ஸ்ட்ரிங்கும் திறவுச்சொல்லும் பிரிந்து தெரிந்தால் கண் மீதியைப் படித்துக்கொள்ளும்.

1985-இல் லெக்ஸ் செய்ததும் இதுதான்: வாசகத்தைத் தட்டத் தட்டப் பகுத்து, பகுப்பிலிருந்து நிறம் எடுப்பது. ஈமாக்ஸ் அங்கே வந்து சேர 38 ஆண்டுகள் ஆயின. வரும் வழியில் அது சேர்த்துக்கொண்ட அடிப்படைகளைத் தூக்கி எறியவில்லை. ட்ரீ-சிட்டர் மரத்தைக் கொடுக்கிறது. எப்போது, எந்தப் பகுதிக்கு என்று ஜிட்-லாக் சொல்கிறது. நிறமிடும் வேலை இன்னும் ஃபான்ட்-லாக் என்ற பெயரில்தான் நடக்கிறது. கிடைத்த நிறம் போய் உட்காரும் இடம், 1993-இல் ஒதுக்கிய அதே டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி.

(தொடரும்)